நாகர்கோவில் பக்கம் குடிவந்திருக்கீங்களா? மண்சட்டி வாங்கி, பழக்கி, சமைக்கிறது எப்படின்னு ஒரு கைடு

வேலை மாத்தலாகியோ கல்யாணம் ஆகியோ குமரி மாவட்டத்துக்கு வர்றவங்க கொஞ்ச நாள்லயே பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேக்குற கேள்வி ஒன்னு உண்டு, நானும் அதே சாளைதான் (மத்தி மீன்) வாங்குறேன், அதே தேங்கா, அதே வத்தல் மொளகு, உங்க மீன்கறி மட்டும் எப்படிக்கா இப்படி இருக்குன்னு. பாதி பதில் அரைப்புல இருக்கு, அத இன்னொரு நாள் பேசலாம். மீதி பாதி சட்டில இருக்கு. இங்க அடுக்களைல எவர்சில்வரும் குக்கரும் நான்ஸ்டிக்கும் எத்தனை இருந்தாலும் மீனுக்குன்னு ஒரு மண்சட்டி தனியா கவுந்து கிடக்கும், அத வேற எதுக்கும் எடுக்க விடமாட்டாங்க.

முதல்ல எது எதுக்குன்னு தெரிஞ்சுக்கோங்க, கடையில போய் சும்மா பாத்திரம்னு கேட்டா எவர்சில்வரத்தான் எடுத்து வைப்பாங்க. வாய் அகலமா, ஒயரம் கம்மியா இருக்குறது சட்டி, குழம்பு கறி வைக்க. கழுத்து குறுகி வயிறு பெருசா இருக்குறது பானை, சோறு வடிக்க, பொங்கல் வைக்க, தண்ணி ஊத்தி வைக்க. கையடக்கமா குட்டியா இருந்தா கலயம், பழங்கஞ்சிக்கும் தயிருக்கும் அதுதான் சுகம். பனையேறுறவங்க அக்கானி (பதநீர்) எறக்குறதும் கலயத்துலதான், ஆனா அதுக்கு உள்ள சுண்ணாம்பு தடவியிருப்பாங்க, அக்கானி புளிச்சு கள்ளாகாம இருக்க. அதனால யாராவது பழைய அக்கானிக் கலயம் சும்மா தர்றாங்கன்னு வாங்கி அதுல தயிர் ஒற ஊத்திராதீங்க, செடி வைக்க வச்சுக்கோங்க.

உருளி, வார்ப்பு, சருவம், அண்டான்னு காதுல விழுறதெல்லாம் உலோகம். உருளி வெண்கலம், பாயசம் கிண்டவும் எண்ணெய் காய்ச்சவும். வார்ப்பு அதோட பெரிய அண்ணன், கல்யாண வீட்டுல பிரதமன் பாயசம் வைக்கிறது அதுலதான், ரெண்டு பேரு காதப் பிடிச்சுத் தூக்கணும். வீட்டுல பால்காய்ச்சு, பிறந்தநாளுன்னு ஏதாவது வந்தா இதையெல்லாம் காசு குடுத்து வாங்க வேண்டாம், வாடகைப் பாத்திரக் கடை எல்லா ஜங்ஷன்லயும் இருக்கு. பித்தளைல ஒன்னு மட்டும் கவனிக்கணும், உள்ள ஈயம் பூசாத பித்தளைல புளி, தக்காளி, மோரு எதுவும் வைக்கக் கூடாது, புளிப்பு செம்ப இழுத்துட்டு வரும், பச்சையாகும், வயித்தப் பிடுங்கும். பூசுறது வெள்ளீயம்தானான்னு கேட்டுப் பூசுங்க, காரீயம் கலந்தா அது விஷம்.

சரி, மண்ணுக்கு வருவோம்.

எங்க வாங்குறதுன்னா, நாகர்கோவில்ல இருந்து தக்கலை போற ரோட்டுல பார்வதிபுரம் தாண்டினதும் சுங்கான்கடை வரும், மண்பாண்டத்துக்குப் பேர் போன ஊரு. ரோட்டோரத்துலயே அடுக்கி வச்சிருப்பாங்க, உள்ள கொஞ்சம் நடந்தா செய்யுற எடத்துலயே வாங்கலாம். வடசேரி சந்தை, திங்கள்சந்தை, மார்த்தாண்டம், கருங்கல்னு சந்தை கூடுற எடத்துல எல்லாம் கெடைக்கும், ஆனா பொறுக்கி எடுக்க நேரம் வேணும்னா செய்யுற எடம்தான் நல்லது. தை பொங்கலுக்கு முன்னாடி போனா பானைதான் மலையாக் கிடக்கும், கறிச்சட்டி கம்மியா இருக்கும், மாசில மண்டைக்காட்டுக் கொடை (பகவதி அம்மன் கோயில் திருவிழா) நேரமும் அப்படித்தான், பொங்கல் வைக்கிற பானைக்குத்தான் கிராக்கி. அது இல்லாத மாசத்துல போங்க, அதுவும் நல்லா வெயிலடிச்ச வாரத்துக்கு அப்புறம். மழைக் காலத்துல மண்ணு காயாது, சூளையும் வைக்க முடியாது, பழைய ஸ்டாக்ல மிச்சம் மீதிதான் இருக்கும்.

ஆன்லைன்ல வாங்கலாமான்னா வாங்கலாம், வேண்டாம்ங்கறது என் அபிப்பிராயம். தட்டிப் பாக்காம வாங்குறதுல அர்த்தமே இல்ல. பழக்கி அனுப்புறோம்னு அதுக்குத் தனியா காசு வாங்குறாங்க பாருங்க, அது இன்னும் மோசம், என்னத்த ஊத்திப் பழக்கினாங்கன்னு யாருக்குத் தெரியும்.

தட்டிப் பாக்குறதுன்னா இப்படி. சட்டிய இடது கை உள்ளங்கைல, விரல் விளிம்புல படாம வச்சுக்கிட்டு, வலது கை நடுவிரல மடக்கி அந்த முட்டியால வயித்துப் பக்கம் தட்டணும். ணங்குன்னு மணி மாதிரி சத்தம் இழுத்து வந்தா நல்லா வெந்த சட்டி. சொத்துன்னு அமுங்கின சத்தம்னா வேக்காடு பத்தல, இல்லன்னா கண்ணுக்குத் தெரியாத கீறல் ஓடியிருக்கு. சுத்தி நாலு எடத்துல தட்டணும், ஒரு பக்கம் ணங்குன்னும் மறுபக்கம் சொத்துன்னும் வர்றதும் உண்டு, அதையும் வச்சுட்டு அடுத்தத எடுங்க. விக்கிற பாட்டி ஒன்னும் சொல்லமாட்டாங்க, நல்லா தட்டிப் பாத்து எடு மக்களேன்னு அவங்களே சொல்லுவாங்க, நாம தட்டுறதப் பாத்தே தெரிஞ்சவங்களா புதுசான்னு கண்டுபிடிச்சிருவாங்க.

அடுத்து வெளிச்சத்துல தூக்கி உள்பக்கம் பாருங்க. வெள்ளை வெள்ளையா கடுகு சைஸ்ல புள்ளி இருந்தா அது சுண்ணாம்புக் கல்லு, சூளைல வெந்து உள்ள உக்காந்திருக்கும், அப்புறம் ஈரம் பட்டதும் ஊதிப் பெருத்து அந்த எடத்துல சில்லு பேத்துக்கிட்டு வரும். அடிப்பக்கம் ஒரு எடம் தடியா ஒரு எடம் மெல்லிசா இருக்கக் கூடாது, விரல உள்ளயும் வெளியயும் வச்சு தடவினாலே தெரியும். ரொம்ப வழுவழுன்னு கண்ணாடி மாதிரி மினுங்குற சட்டி வேண்டாம், மேல போட்டிருக்குற கிளேஸ்ல சிலதுல காரீயம் இருக்கும், நாம வைக்கிறதோ புளி விட்ட மீன்கறி, புளி அத கரைச்சு எடுத்துரும்.

கறுப்பா சிவப்பான்னு ஒரு சண்டை எப்பவும் உண்டு. மண்ணு ஒன்னுதான். சூளைல காத்து நல்லா போனா மண்ணுல இருக்குற இரும்பு செவக்கும், கடைசில காத்துப் போற வழிய அடைச்சு புகைய உள்ளயே நிறுத்தினா கறுக்கும். கறுப்புல பெயிண்ட் அடிச்சு விக்கிற ஆளும் இருக்காங்க, அதனால ஒரு வெள்ளத் துணிய நனைச்சு நல்லா தேய்ச்சுப் பாருங்க, கரி மாதிரி லேசா வந்தா பரவால்ல, பிசுபிசுன்னு கறுப்புச் சாயம் எறங்கினா விட்டுருங்க. சிவப்புச் சட்டில காவி கொஞ்சம் கையில ஒட்டும், அது செம்மண்ணு பூசுனது, கழுவினா போயிரும்.

கேஸ் அடுப்புக்காரங்க அடி கொஞ்சம் தட்டையா இருக்குறதா எடுங்க. உருண்ட அடிச் சட்டி விறகடுப்புக்கு உள்ளது, கேஸ் மேல ஆடும், ஆசப்பட்டு எடுத்துட்டீங்கன்னா இரும்பு வளையம் ஒன்னும் சேத்து வாங்கணும். கூடவே கயிறுல சுத்தின புரிமணை ரெண்டு வாங்கிக்கோங்க, அது ஏன்னு பின்னாடி சொல்றேன். இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும் வச்சிருக்குறவங்க மண்சட்டிய மறந்துருங்க, அது காந்தத்துக்கு இழுக்குற பாத்திரத்தத்தான் சூடாக்கும்.

எத்தனை வாங்கணும்? மீனுக்கு ஒன்னு, மரக்கறிக்கு ஒன்னு, தயிருக்கு ஒரு கலயம். ஆரம்பத்துல இது போதும். அழகா இருக்குன்னு செட்டா பத்து பதினஞ்சு வாங்குறவங்க பாதிய ஷோகேஸ்லதான் வைப்பாங்க. மீன் வச்ச சட்டில அவியல் வைக்க முடியாது, மண்ணுக்குள்ள மணம் ஏறிரும், எவ்வளவு கழுவினாலும் போகாது, அதான் தனித்தனி. விலைய ரொம்பக் கொறைச்சுக் கேக்காதீங்க, மண்ணு எடுக்க பர்மிஷன், விறகு, ஆளுக்கூலின்னு எல்லாம் போக அவங்களுக்கு மிஞ்சுறது கொஞ்சம்தான்.

வீட்டுக்கு வந்ததும் பழக்குறது. அன்னைக்கே கறி வைக்கணும்னு நெனைக்காதீங்க, அஞ்சாறு நாளு வேணும்.

முதல்ல சோப்பு போடாம பச்சத் தண்ணில தும்ப (தேங்கா நார) வச்சு தேய்ச்சுக் கழுவி, பெரிய பக்கெட்டுல தண்ணி நெறச்சு சட்டிய மொத்தமா முங்க வைங்க. முங்கினதும் சீய்ய்ன்னு ஒரு சத்தம் வரும், பொடிப் பொடியா குமிழி வரிசை கட்டி மேல வரும், காத வச்சுக் கேட்டுப் பாருங்க, மண்ணுக்குள்ள இருக்குற காத்து வெளிய போயி தண்ணி அந்த எடத்த நெறக்குது. குமிழி நின்னதும் சிலர் எடுத்துருவாங்க, அது பத்தாது, ஒரு ராத்திரி ஒரு பகல் முழுசும் கிடக்கட்டும். தண்ணி ஒரு தடவ மாத்துங்க, புது மண்ணு வாடை போகும்.

எடுத்து நெழல்ல ஈரம் வடிய வச்சு, அப்புறம் கஞ்சித்தண்ணி. இங்க வீடுகள்ல சம்பா அரிசிச் சோறுதான், அந்தக் கஞ்சி நல்லா கொழகொழன்னு செவப்பா இருக்கும், இதுக்கு அத அடிச்சுக்க ஆளில்ல. சட்டில முக்காவாசி ஊத்தி ரொம்பச் சின்னத் தீயில வைங்க. தீ சட்டியோட அடிய விட்டு வெளிய தெரியக் கூடாது, அதான் அளவு. மெதுவா சூடேறி ஒரு கொதி வந்ததும் அணைச்சு அப்படியே ஆற விடுங்க, ராத்திரி முழுசும் கஞ்சி உள்ளயே இருக்கட்டும். மறுநாள் ஊத்திட்டு சும்மா கழுவி வெயில்ல காய வைங்க. இத ரெண்டு மூணு தடவ பண்ணணும். அரிசி மாவு வெந்து பசையாகி மண்ணுல உள்ள ஓட்டைய எல்லாம் அடைக்கும், அப்பத்தான் கறி வச்சா வெளிய கசியாது. முதல் தடவ வெளிப்பக்கம் வேர்த்த மாதிரி ஈரம் தெரியும், பயப்படாதீங்க. மூணாவது தடவையும் சொட்டுச் சொட்டா எறங்கினாத்தான் சட்டி சரியில்லன்னு அர்த்தம்.

நல்லா காஞ்ச பிறகு உள்ளயும் வெளியயும் தேங்கா எண்ணெய் தடவி ஒரு நாள் வைங்க, எண்ணெய மண்ணு குடிச்சிருச்சுன்னா இன்னொரு தடவ தடவுங்க. கடைசியா, இது எல்லாரும் செய்யுறதில்ல ஆனா செஞ்சா நல்லது, ஒரு கை தேங்காத் துருவலும் நாலு உள்ளியும் (சின்ன வெங்காயம்) போட்டு எண்ணெய் விட்டு சின்னத் தீயில செவக்க வறுத்து அதத் தூக்கிப் போட்டுருங்க. மண்ணு வாடை மிச்சம் இருந்தா அதோட போயிரும். சிலர் இந்த வறுத்த தேங்காயயே அரைச்சு தீயல் வச்சிருவாங்க, எனக்கு அது பிடிக்கல, முதல் வறுப்புல ஒரு மண்ணு ருசி நிக்கும்.

முதல் சமையல் மீன் வேண்டாம். தீயலோ புளிக்கறியோ வைங்க, எண்ணெயும் புளியும் சேந்து சட்டி இன்னும் கொஞ்சம் இறுகும். பால் மட்டும் புதுச் சட்டில காய்ச்சாதீங்க, அடிப்பிடிச்சா அந்தத் தீஞ்ச வாடை போகவே போகாது.

அப்புறம் மீன். மண்ணு மெதுவாத்தான் சூடேறும், மெதுவாத்தான் ஆறும், இத மனசுல வச்சுக்கிட்டாலே சட்டி ஒடையாது கறியும் கெடாது. சமைக்கிறப்ப காலிச் சட்டிய அடுப்புல ஏத்தக் கூடாது, எண்ணெயோ அரைப்போ ஏதாவது உள்ள இருக்கணும். முதல் அஞ்சு நிமிஷம் சின்னத் தீ, அதுக்கப்புறம் நடுத்தரம், முழுத் தீ என்னைக்குமே வேண்டாம். அடிப்பக்கம் சட்டுன்னு சூடேறி விரியப் பாக்கும், மேல் பக்கம் இன்னும் குளுந்தே இருக்கும், ரெண்டுக்கும் நடுவுல இழுபறியாகி விரிசல் விடும், சட்டி ஒடையுறது பூரா இப்படித்தான். கொதிக்கிற கறில தண்ணி பத்தலன்னா சுடுதண்ணி ஊத்துங்க, பிரிட்ஜ்ல இருந்து எடுத்த அரைப்பையும் வெளிய வச்சு ஜில்லு போன பிறகு போடுங்க.

அரைப்பக் கலக்கி, மாங்காயோ புளிச்சிக்காயோ புளியோ போட்டு, நல்லா கொதிச்சு பச்ச வாடை போன பிறகு மீனப் போடுங்க. சாளையும் நெத்தோலியும் ரெண்டு கொதில வெந்துரும், அயலைக்குக் கொஞ்சம் கூட, பாரை சூரை மாதிரி தடிமீனுக்கு இன்னும் கூட. மீன் விழுந்த பிறகு அகப்பையே உள்ள போகக் கூடாது. ரெண்டு கையிலயும் துணி பிடிச்சு சட்டியோட விளிம்பப் பிடிச்சு லேசாத் தூக்கி, ஒரு சுத்து இந்தப் பக்கம் ஒரு சுத்து அந்தப் பக்கம், கறி சுழலும், மீனும் சேந்து திரும்பும், ஒரு துண்டு கூட ஒடையாது. புதுசா வந்தவங்களுக்கு இது ரெண்டு வாரத்துல கைக்கு வந்துரும். மத்த கறிக்கு மரக் கரண்டி இல்லன்னா சிரட்டை அகப்பை, எவர்சில்வர் கரண்டிய வச்சு அடியச் சுரண்டினா பழக்கின பூச்சு எல்லாம் பேந்துரும்.

குக்கர்ல சமைச்சுப் பழகினவங்க இங்கதான் தடுமாறுவாங்க, கறி சரியா வந்துருச்சுன்னு பாத்துட்டு அணைச்சா லேட். அணைச்ச பிறகும் நாலஞ்சு நிமிஷம் சட்டில கொதி நிக்காது. அதனால இன்னும் கொஞ்சம் வத்தணும்னு தோணுற நேரத்துலயே அணைச்சு, கருவேப்பிலையும் பச்சத் தேங்கா எண்ணெயும் விட்டு மூடிருங்க. எறக்கி வைக்கிறதுக்குத்தான் அந்தப் புரிமணை, சூடு சட்டிய நேரா கிரானைட் மேடைல, அதுவும் ஈரமா இருக்குற மேடைல வச்சா டக்குன்னு ஒரு சத்தம் கேக்கும், அடி ரெண்டாயிரும். புரிமணை இல்லன்னா மடிச்ச துணி, மரப்பலகை எதுவும் போதும். உடனே சாப்பிடாதீங்க, ஒரு மணி நேரமாவது கழிச்சு, முடிஞ்சா மறுநாள் காலைல பழங்கஞ்சிக்குத் தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்க. மறுநாளைக்கு வைக்கிறதுன்னா ராத்திரி ஒரு தடவ கொதிக்க வச்சு ஆறவிட்டு மூடணும்.

கழுவுறதுல ஒரே சட்டம், பாத்திரம் கழுவுற லிக்விட் கிட்ட வரக் கூடாது. மண்ணு அத உறிஞ்சி வச்சுக்கிட்டு அடுத்த கறில விட்டுரும். சட்டி ஆறின பிறகு சுடுதண்ணி ஊத்தி ஊற வச்சு, தும்ப வச்சு சாம்பல் தொட்டுத் தேய்ங்க. சாம்பலுக்கு எங்க போறதுன்னா கடலமாவோ பயத்தமாவோ போதும், எண்ணெய எடுத்துரும். மீன் வாடைக்கு எலுமிச்சம்பழத் தோலு.

காய வைக்கிறதுதான் நம்ம ஊர்ல பெரிய பாடு. ஜூன் ஜூலைல தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் நவம்பர்ல வடகிழக்கு, ரெண்டும் நமக்கு உண்டு. ஈரத்தோட மூடி போட்டு வச்ச சட்டி நாலு நாள்ல வெள்ளையா பூசணம் பிடிச்சிருக்கும். மழ நேரத்துல கழுவினதும் அடுப்புல ரொம்பச் சின்னத் தீயில ஒரு நிமிஷம் காட்டி ஈரத்த எடுத்து, மூடாம, அடில ரெண்டு சிரட்டைய முட்டுக் குடுத்து காத்து போற மாதிரி கவுத்து வைங்க. பூசணம் வந்துருச்சுன்னா தூக்கிப் போட வேண்டாம், சோடா உப்பு தண்ணில கரைச்சு ஊத்தி வச்சு, தேய்ச்சு, கொதிக்க வச்சு ஊத்திட்டு, நல்ல வெயில்ல ரெண்டு நாள் போட்டு, திரும்பக் கஞ்சித்தண்ணில இருந்து ஆரம்பிங்க.

தண்ணிப் பானை பத்தி தனியா சொல்லணும், ஏன்னா அத இப்படிப் பழக்கவே கூடாது. கஞ்சி ஊத்தி ஓட்டைய அடைச்சா தண்ணி குளிராது. பானைக்கு வெளிய கசியுற ஈரம் காத்துல ஆவியாப் போறப்பத்தான் உள்ள சூட்ட எடுத்துக்கிட்டுப் போகுது. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் மாதிரி கடற்கர ஊர்ல காத்துலயே ஈரம் ஜாஸ்தி, அதனால திருநெல்வேலில ஜில்லுன்னு இருந்த பானை இங்க ஏன் சுமாரா இருக்குன்னு கேட்டா இதான் காரணம், பானை மேல குத்தமில்ல. ஜன்னல் பக்கம் காத்தோட்டத்துல வைங்க. ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் இருக்குறவங்களுக்குக் கவலையே இல்ல, காத்தாலைக் காத்தாடி சுத்துற காத்து, பானை நல்லாவே குளுத்தும். நாள்பட்டா உப்பு படிஞ்சு ஓட்டை தானா அடையும், வெளிப்பக்கம் வெள்ளையாப் பூத்து தண்ணி குளுறலன்னா பிரஷ் வச்சு சோப்பில்லாம தேய்ச்சுப் பாருங்க, அதுக்கும் சரியாகலன்னா வேற வாங்க வேண்டியதுதான். மூடி எப்பவும் இருக்கணும், இல்லன்னா கொசு வந்து முட்ட போடும்.

தயிர்க் கலயத்தையும் தண்ணில ஊற வச்சு எடுத்தாப் போதும், எண்ணெய் கஞ்சி எதுவும் வேண்டாம். தயிருல உள்ள தண்ணிய மண்ணு உறிஞ்சுறதாலதான் கட்டியா வருது. தினமும் சுடுதண்ணில கழுவி காய வைக்கணும், அதனால ரெண்டு கலயம் இருந்தா மாத்தி மாத்தி வச்சுக்கலாம்.

இவ்வளவும் பாத்துப் பாத்து வச்சாலும் என்னைக்காவது கீறும். அப்பப்ப தட்டிப் பாத்துக்கோங்க, ணங்குன்னு இருந்தது ஒரு நாள் கரகரன்னு பேச ஆரம்பிச்சா அத அடுப்புல ஏத்தாதீங்க, கறியோட ரெண்டா வந்து அடுப்ப அணைச்சிரும், சூடு கறி கால்ல கொட்டும். சிமெண்ட், எம்சீல்னு பூசி சமைக்கிற வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம். கீறின சட்டியோட அடில ஒரு ஓட்டை போட்டு, ஒடஞ்ச ஓட்டாஞ்சில்லு ரெண்ட அந்த ஓட்டை மேல வச்சு மண்ணு நெறச்சா கருவேப்பில நல்லா வரும், தொடக்கத்துல மட்டும் நெழல்ல வைங்க.